ராஜமணி சார் முகாந்தரம்

எங்கள் கழகத்தில் தொட்டி நிரம்பிவிட்டது என்று பம்புக்குத் தெரிவிக்க ஐந்து அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் மஸ்கட்டில் இருந்தார்.

கேலிக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். டெஸ்பாச் பிரிவில் உட்கார்ந்துகொண்டு காகிதங்களுக்கு வழி சொல்லி அனுப்புவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போகும், அங்கே எவ்வளவு காலம் தூங்கும், யார் தட்டினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பெயர் லலிதாம்பாள். வீடு கரமனையில். கழகத்தின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது. திருவனந்தபுரத்தில் சில வார்டுகளுக்குத் தண்ணீர் கொடுப்பது அதன் வேலை என்று தெரிந்தால் போதும்.

ஆற்றங்கரையில் பம்பு ஹவுஸ். ஊருக்குள் ஒரு குன்றின் மேல் தொட்டி. இரண்டுக்கும் நடுவில், இரண்டையும் பார்க்க முடியாத இடத்தில், ஆபீஸ். தொட்டி நிரம்பினால் அங்கே காவலிருப்பவர் போன் செய்து பம்பை நிறுத்தச் சொல்ல வேண்டும். போன் வேலை செய்யும் நாளில் அவர் தூங்குவார். அவர் விழித்திருக்கும் நாளில் போன் செத்துக் கிடக்கும். ஆகவே தொண்ணூற்றெட்டாம் வருஷம் எல்லாவற்றையும் தானியங்கி ஆக்குவது என்று தீர்மானம் போட்டார்கள். அதற்காகவே வந்து சேர்ந்தவள் ஜெபமலர்.

நாகர்கோவில் பக்கத்துப் பெண். இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு மில்லில் வேலை பார்த்தவள். வந்த புதிதில் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் மேசைக்குத்தான் வருவாள். டிபன் பாக்ஸ் மூடிகளை வரிசையாக வைத்து எனக்குப் பாடம் நடத்தினாள்.

"அக்கா, ஒவ்வொரு இடத்திலயும் ஒரு கன்ட்ரோலர் பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர். தொட்டியில உள்ள பெட்டி, பம்புல உள்ள பெட்டியோட நம்பரை மேல எழுதி மெசேஜை லைன்ல போடும். அந்த நம்பருக்காரன் மட்டும் எடுப்பான், மத்தவன் சும்மா இருப்பான். நீங்க கவர்ல அட்ரஸ் எழுதுறியள்லா, அதேதான்."

"எடுத்துண்டவன் என்ன பண்ணுவான்? கீழே கையெழுத்துப் போட்டு வேற யாருக்காவது தள்ளிவிடுவானா?"

"இல்லக்கா. சொன்ன வேலையைச் செய்வான்."

அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. இப்படி ஒரு கெட்ட பழக்கத்தை எங்கள் ஆபீஸுக்குள் விடுவார்களா?

விடவில்லை. தலைமைப் பொறியாளர் பஞ்சாபகேசன் ஸ்ரீவராகம் பகுதிக்காரர். நெற்றியில் சந்தனம் காய்வதற்குள் ஆபீஸுக்கு வந்துவிடுவார். லஞ்சம் வாங்கமாட்டார், பொய் சொல்லமாட்டார், வேலையும் செய்யமாட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வார்த்தை: முறை. ஜெபமலர் வரைந்துகொண்டுபோன படத்தை மேசைமேல் விரித்துப் பார்த்தார். விஷயத்தை எல்லாரும் கேட்க வேண்டும் என்று டெஸ்பாச்சிலிருந்து என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்.

"இது என்ன கோடு?"

"தொட்டியில இருந்து பம்புக்கு சார். தொட்டி நிரம்பினா நிறுத்தச் சொல்லும்."

"நேரேயா?"

"ஆமா சார். நேரா."

பேனாவை மூடி வைத்தார். "தொட்டி அசிஸ்டென்ட் எஞ்சினீயரோட செக்ஷன்ல இருக்கு. பம்பு என்னோட நேர் பொறுப்பு. ஏ.இ.க்குக் கீழே இருக்கற ஒரு தொட்டி, இடையில ஒருத்தர்கிட்டயும் சொல்லாம, பம்பை நிறுத்துன்னு ஆர்டர் போடறதா? அல்லே லலிதா, நீங்கோ சொல்லுங்கோ. நாளைக்கு வாட்ச்மேன் நேரே என் ரூமுக்குள்ள வந்து லீவு கேப்பான்."

மலையாள ஆபீஸ் பாஷையில் 'மேலதிகாரி முகாந்தரம்' என்று ஒன்று உண்டு. மேலதிகாரி வழியாக என்று அர்த்தம். எந்த விண்ணப்பத்தின் தலையிலும் அது இருக்க வேண்டும். தமிழில் முகாந்திரம் என்றால் காரணம், ஆதாரம். ஒரு சின்ன எழுத்துத்தான் வித்தியாசம்; காதில் விழும்போது அதுவும் இல்லை. இரண்டு பாஷையிலும் மாறிமாறிப் பிழைக்கிற எங்களுக்கு இதில் குழப்பமே வராது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சாபகேசன் தீர்ப்புச் சொன்னார். தொட்டி அனுப்பும் மெசேஜ் முதலில் உதவிப் பொறியாளர் அறைக்கு வரும். அங்கிருந்து செயற்பொறியாளர், அங்கிருந்து கண்காணிப்புப் பொறியாளர், அங்கிருந்து கூடுதல் தலைமைப் பொறியாளர், கடைசியில் தலைமைப் பொறியாளராகிய அவர். பிறகு பம்பு. ஒவ்வொரு அறையிலும் ஒரு கன்ட்ரோலர் பெட்டி வைக்கப்படும். மெசேஜ் கடந்துபோகும்போது பெட்டியின் நெற்றியில் பச்சை விளக்கு எரியும். அதிகாரி அதைப் பார்ப்பார். பார்த்து என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை.

ஜெபமலர் மட்டும் ஒரு தடை சொன்னாள். "சார், ஒரு மெசேஜ் தலையில அஞ்சு நம்பர்தான் எழுத முடியும். இந்தக் கம்பெனிப் பெட்டியில அவ்வளவுதான் இடம். ஒவ்வொரு பெட்டியும் முதல் நம்பரைக் கிழிச்சுட்டு அடுத்ததுக்குத் தள்ளும். நீங்க சொல்லுறது அஞ்சு ஆபீசரும் பம்பும் சேர்த்து ஆறு."

"அப்போ ஒருத்தரைக் குறைக்கணும்?"

"ராஜமணி சார் லீவுல இருக்காரு. அவரை விட்டுடலாம் சார்."

அறை சில்லென்று ஆகிவிட்டது. கூடுதல் தலைமைப் பொறியாளர் ராஜமணி சம்பளமில்லாத ஐந்து வருஷ லீவில் மஸ்கட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே அது சகஜம். ஆள் வளைகுடாவில் சம்பாதிப்பார். நாற்காலி இங்கே சீனியாரிட்டி சம்பாதிக்கும். பதவி காலியும் இல்லை, நிரம்பவும் இல்லை. அவர் அறையைப் பூட்டி, சாவியைப் பஞ்சாபகேசன் தன் டிராயரில் வைத்திருந்தார்.

"ஆள் இல்லேன்னா பதவி இல்லேன்னு ஆயிடுமா? வழியிலேருந்து அவரை எடுத்தா பதவியை எடுத்த மாதிரி. கேஸ் போடுவார்" என்றார் பஞ்சாபகேசன். மற்றவர்களிலும் யாரும் தன்னை எடுக்கச் சம்மதிக்கவில்லை. கடைசியில் பம்பைத்தான் எடுத்தார்கள். மெசேஜ் பஞ்சாபகேசனின் பெட்டியோடு முடிந்துவிடும். பிறகு அவர் பெட்டி தன் சொந்த நம்பரிலிருந்து புதிதாக ஒரு மெசேஜ் எழுதி பம்புக்கு அனுப்பும். தன் பெயரில் ஆர்டர் போவதில் அவருக்குப் பரம திருப்தி.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. அன்றைக்கு ராஜமணி அறையைக்கூடத் திறந்து, காலி நாற்காலியில் ஒரு பூங்கொத்தை உட்காரவைத்திருந்தார்கள். தொட்டி நிரம்பியதும் ஒவ்வொரு அறையாகப் பச்சை விளக்கு எரிந்துகொண்டே வந்தது. பஞ்சாபகேசன் அறையில் எரிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். ஆற்றங்கரையில் பம்பு நின்றது. உண்ணியப்பம் தின்றோம். மறுநாள் ராஜமணி அறையைப் பூட்டினார்கள்.

இனி உலகம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸின் ஸ்வீப்பர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் ஆறுமுகநயினார் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்த பிறகு பாதி நாள்தான் வேலைக்குப் போவார். அவர்கள் வீடு அந்தக் குன்றின் அடிவாரத்தில், தொட்டிக்கு நேர் கீழே, புறம்போக்கில் இருந்தது. பின்சுவரை ஆறுமுகநயினார் தானே செங்கல் வைத்துக் கட்டியிருந்தார். புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சுவர் நிற்கிறவரைக்கும் அது வீடு. விழுந்துவிட்டால் வெறும் இடம். திரும்பக் கட்ட விடமாட்டார்கள். அந்த வரிசையில் அப்படி இரண்டு வீடுகள் ஏற்கெனவே காணாமல் போயிருந்தன.

திறப்பு விழா முடிந்த கொஞ்ச நாளில் தொட்டி நிரம்பி வழிய ஆரம்பித்தது. வழிந்த தண்ணீர் சரிவில் இறங்கி, நேராக வந்து உலகம்மாளின் பின்சுவரில் முட்டி நின்றது. காவலாளியைத்தான் தானியங்கி வந்துவிட்டதென்று வேறு இடத்துக்கு மாற்றியாகிவிட்டதே. பம்பு ஹவுஸில் இருந்தவர்களுக்கும் கண்டிப்பான உத்தரவு: மெசேஜ் வராமல் யாரும் கை வைக்கக்கூடாது. யாருடைய கண்ணிலாவது பட்டு, அவர் ஆபீஸுக்குச் சொல்லி, ஆபீஸில் ஆர்டர் தயாராகிறவரைக்கும் பம்பு உற்சாகமாக ஓடும்.

உலகம்மாள் என் மேசைக்கு வந்து நின்றாள். "யம்மா, வீட்டுக்குள்ள ஈரம் ஏறுது. சொவரு ஊறிப்போச்சு. தொட்டா மண்ணு உதிருது. யாருகிட்டயாவது சொல்லுங்க."

"மனு எழுதிக் குடு. நானே எழுதித் தரேன்."

எழுதினேன். ஸ்வீப்பரின் மனு ஆயிற்றே, அதற்கும் வழி அதேதான். உதவிப் பொறியாளர் பரிந்துரைத்தார், செயற்பொறியாளர் பார்த்தார், கண்காணிப்புப் பொறியாளர் சுருக்கொப்பமிட்டார். அடுத்து கூடுதல் தலைமைப் பொறியாளர். திங்கட்கிழமை காலைகளில் மட்டும் அவர் அறையைப் பெருக்க உலகம்மாளுக்குச் சாவி கிடைக்கும். அவளே தன் மனுவைக் கொண்டுபோய் ராஜமணியின் ட்ரேயில் வைத்துவிட்டு வந்தாள். நான்தான் வழி எழுதிக் கொடுத்தேன். வேறு வழி எழுத எனக்கு அதிகாரம் இல்லை. இந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

பஞ்சாபகேசன் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. தொட்டியிடம் விளக்கம் கேட்டு உதவிப் பொறியாளருக்கு ஒரு மெமோ அனுப்பினார். தொட்டி மெசேஜ் அனுப்பாமல் அலட்சியமாக இருந்துவிட்டது என்பது குற்றச்சாட்டு.

ஜெபமலர் தொட்டியை நிரப்பிப் பார்த்தாள். உதவிப் பொறியாளர் அறையில் விளக்கு எரிந்தது. செயற்பொறியாளர் அறையில் எரிந்தது. கண்காணிப்புப் பொறியாளர் அறையிலும் எரிந்தது. பஞ்சாபகேசன் அறையில் எரியவில்லை. நடுவில் இருந்தது பூட்டின கதவு.

"சார், ராஜமணி சார் ரூம்ல உள்ள பெட்டி செத்துக் கிடக்குன்னு நினைக்கேன். திறந்து பார்க்கணும்."

"லீவில இருக்கற ஆபீசரோட ரூமை அவர் சம்மதமில்லாம எப்படித் திறக்கறது?"

"திங்கக்கிழமை பெருக்கத் திறக்குறாங்களே சார்."

"அது பெருக்கறதுக்கு. இது பரிசோதனைக்கு. ரெண்டும் ஒண்ணா?"

மஸ்கட்டுக்குக் கடிதம் போயிற்று. நானே தபால்தலை ஒட்டினேன். வெகுநாள் கழித்துப் பதில் வந்தது. தாம் இல்லாத சமயத்தில் தம் அறைக்குள் பிறர் நுழைவதை ஆட்சேபிப்பதாகவும், திரும்பி வந்ததும் நேரில் பரிசீலிப்பதாகவும் ராஜமணி எழுதியிருந்தார். அதற்குள் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. வானம் ஒரு பக்கமும் கழகம் ஒரு பக்கமுமாக அந்தச் சுவரை நனைத்தன.

ஒரு மத்தியானம், சாப்பாடு முடிந்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். என் மேசையில் போன் அடித்தது. குன்றடியில் இருக்கும் பூத்திலிருந்து உலகம்மாளின் பக்கத்து வீட்டுக்காரி மாடம்மாள் பேசினாள். தொட்டி வழிகிறது, பின்சுவர் உள்பக்கமாகச் சாய்கிறது, ஆறுமுகநயினார் முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நிற்கிறார், விலகி வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார். உலகம்மாள் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். துடைப்பத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடவில்லை. ஜெபமலர் இருக்கும் கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"டாக்டரம்மா, நிறுத்துங்கம்மா! அந்த மனுசன் சொவத்துக்கு அடியில நிக்காரு!" எஞ்சினீயர் என்ற வார்த்தை அவள் வாயில் நுழையாது. படித்த பெண்கள் எல்லாரும் அவளுக்கு டாக்டர்தான்.

ஜெபமலர் திரையைப் பார்த்தாள். தொட்டி கத்திக்கொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று அறைகள் தாண்டி அந்த மெசேஜ் நான்காவது அறையின் வாசலில் போய் மண்டையை முட்டிக்கொண்டு திரும்பி வந்தது. பஞ்சாபகேசன் தலைமைச் செயலகத்தில் ஒரு மீட்டிங்குக்குப் போயிருந்தார். டிராயர் பூட்டியிருந்தது. ராஜமணி அறைச் சாவி அதற்குள்.

"அக்கா, திங்கக்கிழமை பெருக்கும்போது அந்தப் பெட்டியில லைட் ஏதாவது எரிஞ்சுதா, ஞாபகம் இருக்கா? உள்ள கரண்டு இருக்கா?" என்று ஜெபமலர் உலகம்மாளிடம் கேட்டாள்.

"கரண்டா? அது எப்படி இருக்கும்? பூட்டும்போது மெயினை அணைச்சிருவேம்லா. ஆபீசர் லீவுல இருந்தா ரூம்ல கரண்டு இருக்கப்படாதுன்னு சர்க்குலர் போட்டிருக்காவளே. நான் ஒரு திங்கக்கெழம கூட மறந்ததில்ல."

சொல்லி முடித்தபிறகுதான் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ நாந்தானா? எங்க வீட்டுக்குத் தண்ணிய நாந்தான் வுட்டுக்கிட்டு இருந்தேனா?"

"நீ இல்லடி, சர்க்குலர்" என்றேன். இத்தனை படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துப் போட்ட வழி, இவள் கையாலேயே இவள் வீட்டுக் கழுத்தை நெரித்திருக்கிறது. அந்தக் கட்டடத்தில் இருந்த ஒவ்வொரு பச்சை விளக்கையும் உடைத்துப்போட வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

ஜெபமலர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மெசேஜின் தலையில் இருந்த எல்லா நம்பர்களையும் அழித்தாள். பம்பின் நம்பரை மட்டும் எழுதினாள். ஒரே ஒரு நம்பர். ஒரு பொத்தானைத் தட்டினாள்.

பம்பு நின்றுவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

மாடம்மாள் திரும்பவும் போன் செய்தாள். தண்ணீர் வரவு நின்றுபோயிற்று. அக்கம்பக்கத்து ஆண்கள் ஒரு தென்னந்தடியை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். சுவர் சாய்ந்தபடி நிற்கிறது. ஆறுமுகநயினார் இன்னும் நகரமாட்டேன் என்கிறாராம். உலகம்மாள் ஜெபமலரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜெபமலருக்கு வெட்கமாகிவிட்டது, போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பஞ்சாபகேசனுக்கு விஷயம் எட்டியது. சுவர் விஷயம் அல்ல. தன் அறையில் விளக்கு எரியாமலே பம்பு நின்றிருக்கிறது என்ற விஷயம். உடனே மலையாளத்தில் ஒரு மெமோ தயாராயிற்று. ஜெபமலருக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. என்னிடம் கொண்டுவந்தாள். நான் வாசித்துக் காட்டினேன்: மேலதிகாரி முகாந்தரமல்லாமல் பம்பை நிறுத்தியதற்கு விளக்கம் தருக.

அவள் முகம் சிவந்துவிட்டது. "முகாந்திரம் இல்லாமலா? ஒரு மனுசன் செத்திருப்பாரு. அது முகாந்திரம் இல்லையா அக்கா?"

நான் விளக்குவதற்குள் காகிதத்தை இழுத்து, அழகான தமிழில் இரண்டே வரி எழுதிவிட்டாள். 'முகாந்திரம் இருந்தது. சுவர்தான் முகாந்திரம்.' திருத்தச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பஞ்சாபகேசன் தமிழ் படிப்பார். ஆனால் ஆபீஸுக்குள் நுழைந்துவிட்டால் அவருக்கு வார்த்தைகள் எல்லாம் மலையாள அர்த்தத்தில்தான் ஓடும். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"லலிதா, இதைப் படியுங்கோ. மேலதிகாரி முகாந்தரமா அனுப்பினயான்னு கேட்டா, சுவர் முகாந்தரமா அனுப்பினேங்கறா. யாராக்கும் சுவர்? நானா?"

"அப்படி இல்லை சார், தமிழ்ல முகாந்திரம்னா…"

"எனக்குத் தமிழ் சொல்லித் தராதேங்கோ. நான் சுவர் மாதிரி உக்காந்துண்டிருக்கேன்னுதானே சொல்றா?"

அந்தக் கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலத்துக்குள் மாற்றல் உத்தரவு தயார். விதுரா தாண்டி மலைப்பாதையில் கழகத்துக்கு ஒரு சின்ன பம்பு ஸ்டேஷன் உண்டு. அங்கே தினமும் தவறாமல் ஆஜராவது ரத்தம் குடிக்கிற அட்டைகள் மட்டுந்தான். ஜெபமலர் அங்கே போக வேண்டும். அவள் இடத்துக்கு வருகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலையையும் உத்தரவிலேயே எழுதியிருந்தார்: மெசேஜ் பழைய வழியிலேயே போக வேண்டும். நான் படித்ததும் என் கண் முன்னால் அந்தத் தென்னந்தடி வந்து நின்றது. வெளியே மழை விட்டபாடில்லை. இந்த உத்தரவு ஜெபமலரின் கைக்குப் போனால் சுவர் போயிற்று; சுவர் போனால் வீடு போயிற்று.

உத்தரவின் தலையைப் பார்த்தேன். முறை தவறாத மனுஷர். தன் கையாலேயே, பச்சை மசியில், 'கூடுதல் தலைமைப் பொறியாளர் முகாந்தரம்' என்று எழுதியிருந்தார். ஜெபமலரின் பிரிவு ராஜமணியின் கீழ் வருகிறது அல்லவா?

எழுந்து பஞ்சாபகேசன் அறைக்கே போனேன். பின்னால் யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது.

"சார், இது ராஜமணி சார் முகாந்தரமாத்தான் போகணுமா? நேரே குடுத்துடட்டுமா?"

நிமிர்ந்து பார்த்தார். இத்தனை காலம் டெஸ்பாச்சில் உட்கார்ந்தும் இவளுக்குப் புத்தி வரவில்லையே என்ற வருத்தம் அந்தப் பார்வையில் இருந்தது.

"பின்னே? நேரே குடுத்தா, அந்தப் பொண்ணு பண்ணினதுக்கும் நான் பண்ணறதுக்கும் என்ன வித்தியாசம்?"

"சரி சார். முறைப்படியே அனுப்பிடறேன்."

திங்கட்கிழமை காலையில் உலகம்மாளைக் கூப்பிட்டேன். உத்தரவை அவள் கையில் கொடுத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இத எங்க வைக்கணும் யம்மா?"

"ராஜமணி சார் ட்ரேயில. அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் ஜெபமலருக்குப் போகும்."

"சாரு எப்ப வருவாவ?"

"அஞ்சு வருஷ லீவு. நீட்டினாலும் நீட்டுவார்."

உலகம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தபால்தலைகளை எண்ணுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். சாவியை வாங்கிக்கொண்டு போனாள். கதவு திறக்கிற சத்தம் கேட்டது, விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது, கடைசியில் மெயின் சுவிட்சை இறக்குகிற சத்தமும் கேட்டது. அந்தச் சத்தம் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. பஞ்சாபகேசன் அறையில் விளக்கு எரியாவிட்டால் அவர் மறுபடியும் கிளறுவார். அதற்கு என் உத்தியோகம் கைகொடுத்தது. "ஜெபா, நாங்க ஒருத்தருக்கு லெட்டர் போட்டா, சம்பந்தமில்லாத நாலு பேருக்கு 'நகல், தகவலுக்கு'ன்னு போடுவோம். யாரும் படிக்கமாட்டா. ஆனா வரலேன்னா கோவிச்சுப்பா. உன் பெட்டிக்கு அப்படி ஒண்ணு பண்ணத் தெரியாதா?"

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பிரிவுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றே செய்துவிட்டாள். தொட்டி நிரம்பினால் மெசேஜ் நேராகப் பம்புக்குப் போகும். கூடவே ஆளுக்கு ஒரு நகல் அதிகாரிகளின் பெட்டிகளுக்குப் போகும், விளக்கு எரிய மட்டும். ராஜமணிக்கும் ஒரு நகல் போகும். அது வாசலில் முட்டிக்கொண்டு திரும்பினாலும் யார் குடியும் முழுகாது.

பஞ்சாபகேசன் என்னைக் கூப்பிட்டுத் தன் அறையில் எரிந்த பச்சை விளக்கைக் காட்டினார். "பார்த்தேளா லலிதா? மெமோ ஒண்ணு போட்டதும் எல்லாம் முறைக்கு வந்துடுத்து. அந்தப் பொண்ணு இன்னும் ரிலீவ் ஆகலையோ?"

"உத்தரவு முறைப்படி போயிண்டிருக்கு சார். ராஜமணி சார் லெவல்ல இருக்கு."

"சரி, முறைப்படி வரட்டும்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். அந்தத் திருப்தியோடே ரிட்டயர் ஆனார். அவருக்கு நாங்கள் கொடுத்த வெள்ளிக் குத்துவிளக்கின் முன்னால் நின்று, எந்தக் குறுக்கு வழியையும் தன் காலத்தில் அனுமதித்ததில்லை என்று பேசினார். முதல் வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கை தட்டியவள் ஜெபமலர்.

ராஜமணி லீவை நீட்டினார். மழை போய், அடுத்த மழையும் போயிற்று. ஆறுமுகநயினார் சாய்ந்த சுவரைப் பிரித்து, ராவோடு ராவாக அல்ல, பட்டப்பகலில், ஒவ்வொரு செங்கல் வரியாக எடுத்து நேராக்கிக் கட்டினார். எந்தச் சமயத்திலும் அது விழுந்த சுவர் ஆகவில்லை. ஆகவே யாரும் வந்து கேட்க முடியவில்லை.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின திங்கட்கிழமை, உலகம்மாளோடு நானும் அந்த அறைக்குள் போனேன். ட்ரேயில் மேலாக மாற்றல் உத்தரவு இருந்தது. அதன் கீழே நான் எழுதிக் கொடுத்த அவளுடைய மனு. இரண்டிலும் தூசி இல்லை. வாராவாரம் துடைத்திருக்கிறாள்.

"புதுசா வந்திருக்கற சீஃப் எஞ்சினீயர் நல்லவரா இருக்காரே, உன் மனுவை வேணா எடுத்து அவர்கிட்ட நேரே குடுக்கட்டுமா? பக்கத்துல ஒரு ஓடையாவது வெட்டித் தருவா" என்று கேட்டேன்.

உலகம்மாள் அவசரமாகக் குறுக்கே வந்து ட்ரேயின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் யம்மா. அது கெடக்கட்டும். அத எடுக்க வாரவுக மேல உள்ளதையும் எடுத்துப் பாத்துருவாவ."

இரண்டு காகிதங்களையும் ஒழுங்காக அடுக்கி வைத்தாள். கன்ட்ரோலர் பெட்டியின் தலையை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். பிறகு மெயினை இறக்கிவிட்டு, கதவைப் பூட்டி, பூட்டு விழுந்துவிட்டதா என்று இழுத்துப் பார்த்தாள்.